தோல், சங்கிலி, சாதி

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் வழக்கமாகக் கவிதை பற்றிப் பேசுவார்கள், தன்வரலாறு பற்றிப் பேசுவார்கள். இந்த ஆண்டு என்னை அழைத்த தோழர்களிடம் நான் ஷூவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தோழர், "தோழர், அண்ணல் நினைவுச் சொற்பொழிவு..." என்று இழுத்தார். அதனால்தான் என்றேன்.

நான் ஆம்பூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ தைத்தார். முழு ஷூ இல்லை, மேல்பாகம் மட்டும். அதை எங்கள் ஊரில் 'அப்பர்' என்பார்கள். 1990களின் நடுவில், சாயங்காலமானால் டிவிஎஸ் 50-இல் ஏஜெண்ட் வருவார். பின்னால் கட்டியிருக்கும் மூட்டையில் துளையிட்ட தோல் துண்டுகளும் மெழுகு தடவிய நூலும் இருக்கும். மறுநாள் காலையில் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு மூன்று ரூபாய். நூல் இறுகும்போது விரலை அறுக்கும். அதற்காக அம்மா சைக்கிள் டியூபை மோதிர அகலத்துக்கு வெட்டி விரல்களில் மாட்டிக்கொள்வார். தெருவில் முதலில் அப்படிச் செய்தது அம்மாதான். ஏஜெண்ட் அதைக் கவனித்து ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வெட்டிய ரப்பர் வளையங்கள் வந்தன. வாரக் கூலியில் அதற்கு இரண்டு ரூபாய் பிடித்தார்கள்.

இன்று வணிகப் பள்ளிகளில் 'புத்தாக்கம்' என்று ஒரு சொல் உலவுகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் புதியதைக் கண்டுபிடிக்கின்றன, அது விநியோகச் சங்கிலி வழியே ஏழை நாடுகளுக்கு இறங்குகிறது, அங்கே திறன் வளர்கிறது, கூலி உயர்கிறது என்பது அவர்கள் சொல்லும் கதை. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் அந்தக் கதையில் சைக்கிள் டியூப் எந்தக் கட்டத்தில் வரும் என்று எம்.ஏ. சமூகவியல் படித்தபோதும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

முதலில் பம்பாய்க்குப் போய்விட்டு வருவோம். 1928-இல் பருத்தி ஆலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆலையில் கூலி அதிகம் கிடைத்த இடம் நெசவுப் பிரிவு. அங்கே தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. அதற்குச் சொன்ன காரணம் மனுதர்மம் இல்லை, தொழில்நுட்பம். தறியின் நாடாவில் நூல் தீர்ந்ததும் புது நூல்கண்டை வைத்து, நூல் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைப்பார். மகர் சாதிக்காரர் வாய் வைத்ததில் மராத்தா சாதிக்காரர் எப்படி வாய் வைப்பார்? இந்தத் தடையை நீக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களோடு மோதினார்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொரு விவரம். வாயால் உறிஞ்சத் தேவையில்லாத நாடா அப்போதே உலகில் இருந்தது. அமெரிக்காவின் நார்த்ராப் தறியில் 1890களிலேயே நூலைத் தானே கோத்துக்கொள்ளும் நாடா வந்துவிட்டது. உறிஞ்சும் நாடாவால் நோய் பரவுகிறது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பம்பாய் முதலாளிகள் லங்காஷயரிலிருந்து எத்தனையோ இயந்திரங்களை இறக்கினார்கள். இந்த ஒரு சின்ன மாற்றத்துக்கு மட்டும் அவசரம் வரவில்லை. பழைய நாடாவால் அவர்களுக்கு நட்டம் இல்லை. சாதி இந்துத் தொழிலாளிக்கோ, நல்ல கூலி கிடைக்கும் பிரிவைத் தனக்கென்று வைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. எந்தப் புதுமை கப்பலேறும், எது கரையிலேயே நிற்கும் என்பதை விஞ்ஞானம் மட்டும் முடிவு செய்வதில்லை.

இனி தோலுக்கு வருகிறேன்.

தோல் பதனிடுவது மிகப் பழைய அறிவு. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் மருந்து. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, சவ்வு வழித்து, பட்டைச் சாறில் போட்டுப் போட்டு எடுக்க வாரக் கணக்கில் ஆகும். எந்தப் பட்டை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும், மழைக்காலத்தில் குழியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், விரலால் அழுத்தியே தோல் உள்வரை வெந்துவிட்டதா என்று எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அருந்ததியர், பறையர் குடும்பங்களின் கையில் இருந்த வேதியியல். அது யார் பெயரிலும் பதிவாகவில்லை. அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டனுக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் ஆனது. சரக்குக்குக் கம்பெனியின் பெயர் கிடைத்தது. பதனிட்டவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, அதை வசவாகத்தான் பயன்படுத்தினார்கள்.

1884-இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் சாய வியாபாரத்தில் இருந்த வேதியியலாளர். பெண்களின் இறுக்கு உள்ளாடையில் வைக்கும் எஃகுப் பட்டைகளுக்குத் தோலுறை போட்டால் எஃகு துருப்பிடிக்கிறது, துரு பிடிக்காத தோல் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டாராம். அங்கிருந்து ஆரம்பித்தது. 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டி முறையாக எளிமையாக்கினார். ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஃபோர்டரர் ஆட்டுத்தோலைக் குரோமில் பதனிட்டு 'விசி கிட்' என்று பெயரிட்டு விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். அமெரிக்காவுக்கு ஆட்டுத்தோல் பெருமளவில் போன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வாரக் கணக்கில் நடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது. தோல் ஈரமாக, நீல நிறத்தில் டிரம்மிலிருந்து வெளியே வரும். அதனால்தான் 'வெட் ப்ளூ' என்று பெயர்.

அந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். 1903 வாக்கில் அரசுச் செலவில் சோதனைகள் செய்தார். கவலை ஏற்றத்துக்கு வேண்டிய தோல் சாலைக் குரோமில் செய்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர் கண்ட பயன்களில் ஒன்று. நம் கிணற்றுக்காக யோசித்த புதுமை அது. அரசாங்கம் தொழில் நடத்தக்கூடாது என்று வெள்ளைக்கார வியாபாரிகள் எதிர்த்தார்கள். 1910-இல் லண்டனிலிருந்து மார்லி பிரபு கடிவாளம் போட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தனியார் கம்பெனி ஒன்று பல்லாவரத்தை அடுத்துக் குரோம் தோல் ஆலை வைத்தது. அந்த இடம் குரோம்பேட்டை ஆனது. தினமும் மின்சார ரயிலில் அந்தப் பெயரைக் கேட்கிறோம். அது ஒரு ரசாயனத்தின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1970களில் திருப்பம் வந்தது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரைப்படி இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோலாகவோ ஷூவாகவோதான் அனுப்ப வேண்டும், மதிப்பு இங்கேயே கூட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அதே காலத்தில் ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. பதனிடும் வேலையை வெளியே தள்ளிவிட அங்குள்ளவர்களுக்கும் வசதியாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் டிரம்கள் பெருகின. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாயுடம்மா போன்றவர்கள் உண்மையான அக்கறையோடு உழைத்தார்கள். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் பாலாற்றில் போனதும் அந்தப் புதுமைதான். போடும் குரோமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மிச்சம் தண்ணீரோடு வெளியே போகும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996-இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதியது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் பொய் சொன்னவள் ஆவேன். அந்தத் தோல் ஷாப்பு எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. சோற்றோடு இன்னொன்றும் கொடுத்தது. என் தாத்தா ரெட்டியார் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். அப்பா சனிக்கிழமை சம்பளம் வாங்கினார். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. வட ஆற்காட்டில் குடியரசுக் கட்சி வேர்விட்டதற்கும் நீலக்கொடி தெருத் தெருவாக ஏறியதற்கும் இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் தொடர்பு இருக்கிறது. முதலாளிகளில் பெரும்பாலோர் இசுலாமியர் என்பதை வைத்து இந்த வரலாற்றை வேறு திசையில் திருப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செத்த மாட்டின் தோலைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய இடத்தில்தான் அவர்கள் கடை போட்டார்கள். தொட்டவர்கள் நாம். லாபம் அவர்களுக்குப் போனது, நாற்றம் நமக்கு வந்தது என்ற கணக்கில் எனக்குச் சண்டை உண்டு. அது முதலாளியோடு உள்ள சண்டை, மதத்தோடு இல்லை.

இப்போது சங்கிலி. 1992-இல் தைவானின் ஏசர் கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான் ஷீ ஒரு படம் வரைந்தார். சிரிக்கிற வாய் மாதிரி ஒரு கோடு. இடது ஓரத்தில் ஆராய்ச்சியும் வடிவமைப்பும், வலது ஓரத்தில் பிராண்டும் விற்பனையும். இரண்டு ஓரங்களிலும் லாபம் உயரும். நடுப் பள்ளத்தில் உற்பத்தி, அங்கே லாபம் குறைவு. அதற்குச் 'சிரிப்புக் கோடு' என்றே பெயர். தைவான் பள்ளத்திலிருந்து ஏற வேண்டும் என்பதற்காக அவர் வரைந்தார். நைக் மாதிரியான நிறுவனங்கள் இந்தப் படம் வருவதற்கு முன்பே இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்துகொண்டு, தைக்கிற வேலையை வெளியே கொடுத்துவிட்டன.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, இந்தக் கோட்டின் பள்ளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஷூ கம்பெனி பள்ளத்தில் இருக்கிறது, சரி. அதற்குத் தோல் கொடுக்கும் ஷாப்பு அதற்கும் கீழே. ஷாப்பின் கழிவைச் சுத்தம் செய்கிறவர் அதற்கும் கீழே. திண்ணையில் தைக்கிறவர் கணக்கிலேயே இல்லை. கோட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சந்தை முடிவு செய்கிறது என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அது சந்தை வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று 1936-இல் அண்ணல் வாதிட்டார். பன்னாட்டு நிறுவனம் அந்த அடுக்கை உருவாக்கவில்லை. அது வந்தபோது அடுக்கு தயாராக இருந்தது, அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

புதுமை இந்தச் சங்கிலியில் எப்படி இறங்குகிறது என்பதை நான் பார்த்த வகையில் சொல்கிறேன். 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. 1990களில் சில அசோ சாயங்களைத் தடுத்தது. இரண்டு முறையும் நம் ஊர்த் தோல் திரும்பி வந்துவிடுமோ என்று பதறினார்கள். ஆராய்ச்சி நிறுவனம், அரசு, ஏற்றுமதியாளர்கள் எல்லாரும் சேர்ந்து மாற்று ரசாயனம் கண்டுபிடித்து, சோதனைக்கூடம் அமைத்துச் சமாளித்தார்கள். மனது வைத்தால் இந்தத் தொழிலால் வேகமாக மாற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 'முடியாதுங்க, சின்ன ஷாப்பு தாங்காதுங்க' என்ற பேச்சை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது உதாரணம் 2015. குரோமியத்தில் ஆறு இணைதிறன் கொண்ட வகை ஒன்று உண்டு. அது ஆபத்தானது, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். உடம்பில் படும் தோல் பொருள் எதிலும் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2015 மே 1 முதல் நடைமுறை. 3 மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகை உப்பில் ஒரு துளி அளவு. அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் வந்தன, அதைத் தடுக்கப் புதிய எண்ணெய்களும் சேர்மானங்களும் வந்தன. நம் ஷாப்புகள் அதையும் செய்தன.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 2015 ஜனவரி 31 விடிவதற்குள், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் ஊறும் இடத்திலேயே படுத்துத் தூங்கியவர்கள்.

ஐரோப்பியச் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு குழந்தையின் கால் புண்ணாகக் கூடாது என்று நினைப்பது நியாயம். நான் கேட்பது இதுதான். ஷூவில் கிலோவுக்கு 3 மில்லிகிராமை அளக்கத் தெரிந்த சங்கிலிக்கு, டன் டன்னாகச் சேறு ஒரு சுவருக்குப் பின்னால் நிற்பதும், அந்தச் சுவரின் கீழே ஆட்கள் படுத்திருப்பதும் எப்படித் தெரியாமல் போனது? தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தச் சேறு ஷூவோடு கப்பலேறுவதில்லை. சங்கிலியில் புதுமை சரக்கோடு பயணம் செய்கிறது. சரக்கு எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் தொடுகிறது. வாங்குபவரின் காலைக் காப்பாற்றும் புதுமைக்கு ஒப்பந்தம் உண்டு, தேதி உண்டு, தவறினால் சரக்கு திரும்பி வரும். தொழிலாளியின் காலைக் காப்பாற்றும் புதுமைக்கு 'முயற்சி செய்வோம்' என்ற வாக்கியம் உண்டு.

2005-இல் பெரிய பிராண்டுகளும் தோல் பதனிடுவோரும் சேர்ந்து 'லெதர் வொர்க்கிங் குரூப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தோல் ஷாப்புகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மதிப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் தங்கம் வாங்கியவர்கள் உண்டு. தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, குரோம் எவ்வளவு, எல்லாம் கேட்கிறார்கள். தொடங்கியபோது கேள்விகள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் பற்றியவை, ஆட்களைப் பற்றியவை பின்னால்தான் மெல்ல வந்தன. தோல் எந்த இறைச்சிக்கூடத்திலிருந்து வந்தது என்று தடம் பிடித்துச் சொன்னால் அதற்கும் மதிப்பெண் கிடைக்கிறது. செத்த மாட்டுக்கு முகவரி உண்டு. அதன் சவ்வை வழித்தவருக்கு? தணிக்கை நாளில் கையுறை கொடுத்தார்கள், சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கை கடைசிவரை வெடித்தபடியே இருந்தது. சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று நாக்குக்கு முன்னால் என் விரல் சொல்லிவிடும் என்பார், அவ்வளவு எரியுமாம்.

தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார், இருவரும் இறந்தார்கள் என்ற செய்தி எங்கள் மாவட்டத்தில் புதிதல்ல. மயிர் நீக்கப் போடும் சல்ஃபைடு, அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். இது பள்ளிக்கூட வேதியியல். வாயுவைக் காட்டும் கருவி சட்டைப் பையில் அடங்கும். இறங்குகிறவர் எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் நாடா மாதிரிதான் இதுவும். கருவி உலகில் இருக்கிறது, கரை இறங்கவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996 தீர்ப்பு பெரிய தீர்ப்பு. மாசுபடுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிறுத்திய தீர்ப்பு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு ஆகியும் வேலை முடியவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. இழப்பீட்டுப் பேச்சு பெரும்பாலும் பாழான நிலத்தைச் சுற்றியே நடந்தது. நிலம் யாருக்கு இருந்தது? அந்த நிலத்தில் நடவுக்குப் போனவள் வேலை இழந்தாள், அவள் வீட்டுக் கைப்பம்பில் மஞ்சள் தண்ணீர் வந்தது. பாழாவதற்கு அவளிடம் பட்டா இல்லை.

இயந்திரம் வந்துவிடும், கை வேலை ஒழிந்துவிடும், இதெல்லாம் பழைய கதையாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அடிடாஸ் நிறுவனம் அப்படித்தான் நினைத்தது. ஜெர்மனியில் அன்ஸ்பாக், அமெரிக்காவில் அட்லாண்டா, இரண்டு ஊர்களிலும் ரோபோக்கள் ஷூ செய்யும் 'ஸ்பீடு ஃபேக்டரி' தொடங்கியது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் இருக்கும் தன் ஒப்பந்தத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. ஷூவின் மேல்பாகம் ரோபோவுக்குக் கஷ்டம். தோல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுக்கும், மடங்கும். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த அந்த இழுப்பு இன்னும் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததற்கு மதிப்பு கூட வேண்டும் என்பது பொருளாதாரம். ஜோடிக்கு மூன்று ரூபாய் என்பது சாதி.

2022-இல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. செய்யாறு, பனப்பாக்கம், உளுந்தூர்பேட்டை என்று தைவான் நிறுவனங்கள் வந்துவிட்டன, வந்துகொண்டிருக்கின்றன. அவை செய்வது பெரும்பாலும் தோல் இல்லாத விளையாட்டு ஷூ. தலித் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சீருடையோடு பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள், பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. என் அக்கா மகளும் போகிறாள். நான் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். அங்கே நாற்றம் இல்லை, குழி இல்லை. ஆனால் லைன் சூப்பர்வைசர் யார், மனிதவள அலுவலகத்தில் யார், பசை அடிக்கும் பகுதியில் யார், கழிப்பறை கழுவும் காண்டிராக்டில் யார் என்று அவளிடம் கேட்டேன். "சித்தி, நீ எதைப் பார்த்தாலும் இதையே கேப்பியா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன், அவள் வேலை போய்விடும்.

அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி இருந்தபோது அங்கே தொழில் செய்த அமெரிக்கக் கம்பெனிகளுக்காக 1977-இல் லியோன் சல்லிவன் சில நெறிமுறைகள் எழுதினார். அதேபோலத் தெற்காசியாவில் முதலீடு செய்யும் நிறுவனங்களுக்காக, சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2006-இல் 'அம்பேத்கர் நெறிமுறைகள்' என்ற ஒன்றை வெளியிட்டது. வேலைக்கு எடுப்பதில், பயிற்சியில், பதவி உயர்வில் சாதிப் பாகுபாடு இருக்கிறதா என்று நிறுவனமே தேடிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சமூகப் பொறுப்பு அறிக்கைகளை வண்ணப் படங்களோடு அச்சிடும் கம்பெனிகள் எத்தனையோ. அண்ணல் பெயரில் இப்படி ஒன்று இருப்பதே நம் கூட்டங்களில் பலருக்குத் தெரியாது. நம் மேலும் குறை உண்டு. ஆணவக்கொலைக்குத் தெருவில் இறங்குகிறோம், இறங்கத்தான் வேண்டும். கூலிச் சீட்டை எடுத்துப் பார்க்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. நானும் இந்தக் குற்றச்சாட்டுக்குள் இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்துக்காக ஜெர்மனி போயிருந்தேன். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்குள் அந்த ஷூ இருந்தது. அதே மொக்காசின் தையல், மூக்கின் மேல் சுருக்கிச் சுருக்கி வரும் தையல். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் 'கையால் தைத்தது' என்று எழுதியிருந்தார்கள். விலை 95 யூரோ. கை என்று எழுதியிருந்தது, யார் கை என்று எழுதவில்லை. புகைப்படம் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது கண் சரியில்லை. ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்ம தெரு கை இல்ல கண்ணு, இழுப்பு தளர்ந்திருக்கு" என்றார். விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சங்கிலியில் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அங்குள்ள அரசு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சமூகப் பிறப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதும் அதில் மீறல்தான். இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகள் ஐரோப்பாவில் வேகமாக நடக்கின்றன. ஆகவே காலம் குறைவு. புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும். வீட்டில் தைத்தவருக்கு நியமன உத்தரவு இல்லை, அடையாள அட்டை இல்லை, வங்கிக் கணக்கில் சம்பளம் இல்லை. அவர் அந்தச் சங்கிலியில் இருந்தார் என்பதற்கு அங்கே எழுத்து எதுவும் கிடையாது.

இங்கே உண்டு. அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு வைத்திருந்தார். தேதி, எத்தனை ஜோடி, எத்தனை திரும்பி வந்தது, எவ்வளவு பிடித்தம். மாடல் எண்ணும் குறித்திருக்கிறார், ஏஜெண்ட் ஏமாற்றக்கூடாது என்பதற்காக. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்த மாடல் எண் கம்பெனியின் ஆர்டர் புத்தகத்திலும் இருக்கும். அங்கேயும் இங்கேயும் ஒரே எண் இருந்தால் அதுதான் ஆதாரம். இதை மறுவாசிப்பு, மாற்று வரலாறு என்றெல்லாம் பெரிய பெயர் வைத்து அழைக்கலாம். எனக்கு அது நோட்டுதான்.

என் வேண்டுகோள் இந்த அமைப்பிடம். நீங்கள் எங்கள் கதைகளைத் தொகுத்தீர்கள், பாடல்களைத் தொகுத்தீர்கள். இப்போது நோட்டுகளைத் தொகுக்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடியில் பழைய கூலி நோட்டு, பிடித்தச் சீட்டு, ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த துண்டுத்தாள் எது வைத்திருந்தாலும் கொண்டு வாருங்கள். எரித்துவிடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நோட்டு என்றால் பெயரை மறைத்து நகல் எடுத்துக்கொள்கிறோம், நோட்டை அன்றைக்கே திருப்பித் தருகிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு நானும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்திருப்போம். அம்மாவின் நோட்டு அங்கே இருக்கும். எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.